நிறங்களின் இரகசியம் தேடிய மாமேதை சர் சி. வி. இராமன்



மழைக்காலத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சாலைகளில் தேங்கிக் கிடக்கும் நீரைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த அந்தக் குட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துவிட்டால் போதும். ஊதாவும் பச்சையும் சிவப்புமாக ஒரு சின்ன வானவில் அதன்மேல் விரிகிறது. எண்ணெயில் சாயம் இல்லை; நீரிலும் இல்லை. பள்ளி மாடியின் கைப்பிடிச் சுவரில் வந்து அமரும் புறாவின் கழுத்தும் அப்படித்தான். ஒரு பக்கம் திரும்பினால் பச்சை. மறுபக்கம் திரும்பினால் ஊதா. இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? இவற்றைத் தீட்டிய தூரிகை எது?

நம்மில் பலர் கண்டு மகிழ்ந்து, மறுகணமே மறந்துவிடுகிற இக்காட்சியின் முன்னே நின்று, காரணம் தெரியாமல் நகரமாட்டேன் என்று வாழ்நாள் முழுவதும் பிடிவாதம் பிடித்த தமிழர் ஒருவர் இருந்தார். விஞ்ஞானத்துக்கான நோபல் பரிசை ஆசியக் கண்டத்திலேயே முதன்முதலாகப் பெற்றவர் அவர். அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன். இராமன் விளைவு என்ற பெயரைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் சிப்பியையும், பறவை இறகையும், ஓபல் கல்லையும் கையில் வைத்துக்கொண்டு அவர் செலவிட்ட ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் அறிவதில்லை. அந்த இராமனையே இக்கட்டுரையில் சந்திக்கப் போகிறோம்.

காவிரிக்கரையில் பிறந்தவர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாமவர். வீட்டில் செல்வம் கொழிக்கவில்லை. ஆனால் தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர், வயலின் வாசிப்பவர். ஆகவே புத்தகங்களுக்கும் இசைக்கும் அந்த வீட்டில் குறைவில்லை.

1892இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. குடும்பம் கடற்கரைப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே புனித அலோசியஸ் பள்ளியில் இராமன் சேர்க்கப்பட்டார். நம்மைப் போலவே கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர் அவர் என்பதை அறிய நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறதல்லவா? பதினொரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிவிட்டார். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவியின் வயது அது!

1902இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறையப் பதினான்கு வயது. மெலிந்த உடல், சிறிய உருவம். பட்ட வகுப்பில் வந்து உட்கார்ந்த அந்தச் சிறுவன் வழிதவறி வந்துவிட்டானோ என்று பேராசிரியரே ஐயுற்று விசாரித்தாராம். 1904இல் அதே சிறுவன் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கங்களைத் தட்டிச் சென்றான்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ இரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, கடற்கரைச் சாலைக்குப் போனால் அந்தக் கல்லூரிக் கட்டடத்தை இன்றும் காணலாம். அங்கேதான் இராமனின் முதல் ஆராய்ச்சி பிறந்தது. முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளப்பது எல்லா மாணவர்களும் செய்யும் சாதாரணச் சோதனை. அதைச் செய்துகொண்டிருந்தபோது, ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே சீராக விழாமல் ஒரு புறம் வேறுபட்டு விழுவதை அவர் கவனித்தார். மற்றவர்கள் அதைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள். இராமன் ஒதுக்கவில்லை. அளந்தார், கணக்கிட்டார், தாமே கட்டுரை எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் ஃபிலசாஃபிகல் மாகஸீன் என்னும் புகழ்பெற்ற இதழில் அது அச்சேறியது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அவருடைய எழுத்தைப் படித்த ஆங்கில விஞ்ஞானி ரேலே பிரபு, எழுதியவர் கல்லூரி மாணவர் என்பதை அறியாமல், பேராசிரியர் என்று விளித்தே கடிதம் எழுதினாராம்.

ரேலே பிரபுவின் பெயரை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் அவர் மீண்டும் வருவார்.

கணக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

1907ஆம் ஆண்டு சனவரியில் எம்.ஏ. பட்டமும் மிகச் சிறப்பாகக் கிடைத்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதுதான் அந்நாளைய வழக்கம். ஆனால் அவரைப் பரிசோதித்த ஆங்கில மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். விஞ்ஞானத்தை நம்பி வாழ இந்தியாவில் அப்போது வழியில்லை. எனவே அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதினார்; அதிலும் முதலிடம். அதே ஆண்டு மே மாதத்தில் வீணை வாசிப்பில் வல்ல லோகசுந்தரி அம்மாளை மணந்தார். துணைக் கணக்காயராகக் கல்கத்தாவில் பணியேற்றார். கைநிறையச் சம்பளம், அரசாங்க மரியாதை எல்லாம் இருந்தன. வேறொருவராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

ஒரு நாள் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876இல் இந்தியர்களுக்காகவே நிறுவிய ஆய்வுக்கூடம் அது. ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. இராமன் கதவைத் தட்டினார், கதவு திறந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் அவருடைய நாள் இப்படித்தான் கழிந்தது: விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம், வீடு திரும்ப இரவு நெடுநேரம்.

அந்நாள்களில் அவர் ஆராய்ந்த பொருள்களில் நம் இசைக்கருவிகளும் அடங்கும். மேளங்கள் பொதுவாக வெறும் ஓசைதான் எழுப்பும். மிருதங்கம் மட்டும் சுருதி சேர்ந்து இனிமையாக ஒலிக்கிறதே, ஏன்? வலந்தலையின் நடுவே அப்பும் கருஞ்சாந்துதான் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது என்று அவர் விளக்கினார். பொருளின் அமைப்பை மாற்றினால் அலையின் போக்கு மாறும் என்ற பாடம் அதில் இருந்தது. ஒலிக்குக் கற்ற அந்தப் பாடத்தைப் பின்னாளில் ஒளிக்கும் அவர் பயன்படுத்தினார்.

1917இல் ஒரு பெரிய தேர்வு அவர்முன் வந்து நின்றது. இது வினாத்தாள் இல்லாத தேர்வு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு இராமனை அழைத்தார். அதன் சம்பளம், அவர் அரசாங்கத்தில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். குடும்பம் இருந்தது, செலவு இருந்தது, அரசுப் பதவியில் இன்னும் உயர வழியும் இருந்தது. இராமன் குறைந்த சம்பளத்தைத் தேர்ந்துகொண்டார். பிள்ளைகளுக்கு எந்த வேலை அமைய வேண்டும் என்று கவலையோடு கணக்குப் போடும் பெற்றோர்களும் இவ்விதழைப் படிப்பார்கள். இராமன் போட்ட கணக்கையும் அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கடலின் நீலமும் உலகப் புகழும்

1921இல் இங்கிலாந்துக்குச் சென்று திரும்பும் வழியில், நார்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்திய தரைக்கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார் இராமன். வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்பது ரேலே பிரபுவின் கருத்து. இராமனின் சட்டைப்பையில் ஒளியைச் சோதிக்கும் நிக்கல் பட்டகம் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் வழியே பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருப்பதைக் கண்டார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று முடிவு செய்தார். தாம் போற்றிய பெரியவர் சொன்னாரே என்று அவர் தயங்கவில்லை. அவரை மதிப்பதையும் விடவில்லை.

அந்தக் கேள்வியே ஏழாண்டுகள் வளர்ந்து, 1928 பிப்ரவரி 28இல் கனிந்தது. கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களுடன் உழைத்து, ஒளி ஒரு பொருளின் வழியே சிதறும்போது அதன் மிகச் சிறு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்று இராமன் கண்டறிந்தார். 1929இல் சர் பட்டமும் 1930இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தன. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகிறோம்.

சிப்பி, இறகு, ஓபல்

நோபல் பரிசு பெற்ற பின் பலர் ஓய்ந்து அமர்வதுண்டு. இராமனோ 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். 1934இல் இந்திய விஞ்ஞான அகாதெமியை நிறுவினார். அந்த அகாதெமி வெளியிட்ட இதழின் முதல் ஆண்டுத் தொகுதியிலேயே அவர் எழுதியது என்ன தெரியுமா? பறவைகளின் இறகு நிறத்தைப் பற்றியும், மின்னும் சிப்பிகளைப் பற்றியும்!

நம் ஊர்ப் புறங்களில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறகை விரித்தால் பளீரென்று நீலம் தெரிகிறது. அந்த இறகில் நீலச் சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பே நீலத்தைக் கொடுக்கிறது. முத்துச்சிப்பியின் உட்புறம் இன்னும் தெளிவான சான்று. அந்த மின்னும் பகுதியை இடித்துப் பொடியாக்கினால் கிடைப்பது வெறும் வெண்பொடி. வானவில் எங்கே போயிற்று? அது பொருளில் இல்லை. பொருள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கில் இருந்தது. ஒழுங்கு குலைந்ததும் நிறமும் மறைந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் விளையாட்டு விழா அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மாணவியர் ஒரே தாளத்தில் காலை வைத்தால் தரை அதிரும்படி ஓசை எழும். ஆளுக்கொரு நேரம் கால் வைத்தால் அது வெறும் சலசலப்பாகிவிடும். ஒளியும் அலைதான். சிப்பியின் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் பங்கு செய்ததில் ஒரு பங்கு. ஒளி விழும்போது ஒவ்வொரு தகடும் சிறிதளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் அலைகள் கால் ஒத்து நடந்தால் அந்த நிறம் பிரகாசிக்கும். கால் தவறினால் அந்த நிறம் அடங்கிப்போகும். நாம் பார்க்கும் கோணம் மாறும்போது, ஒத்து நடக்கும் நிறமும் மாறுகிறது. ஆகையால்தான் சிப்பி நம் கையில் திரும்பத் திரும்ப நிறம் மாற்றிக் காட்டுகிறது.

1950களில் இராமன் இந்த ஆராய்ச்சிக்கு மீண்டும் வந்தார். தீக்குச்சியின் தலையில் சேர்க்கப்படும் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு நாம் அறிந்ததே. அதன் படிகங்களில் சில, நிறமற்ற உப்பாக இருந்தும், திருப்பினால் பட்டைத் தீட்டிய மணிபோல் ஒரே நிறத்தில் ஒளிரும். 1888இல் ரேலே பிரபு இதற்கு விளக்கம் தந்தார்: படிகத்துக்குள் மெல்லிய அடுக்குகள் ஒழுங்காக மாறி மாறி அமைந்திருக்கின்றன என்றார். அது இராமன் பிறந்த ஆண்டு! அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இராமனும் அவருடைய மாணவர் டி. கிருஷ்ணமூர்த்தியும் அதே படிகங்களை எடுத்து விரிவாக ஆராய்ந்தார்கள். (வெடிக்கும் தன்மையுள்ள உப்பு அது, தோழியர் யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்!)

1953இல் இராமனும் ஏ. ஜெயராமன் என்னும் மாணவரும் ஓபல் கல்லைப் பற்றி எழுதினார்கள். பால்போன்ற கல்லுக்குள் சிவப்பும் பச்சையும் தீப்பொறிபோல் தெறிக்கும் அழகு அதற்கு உண்டு. கல்லுக்குள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் மெல்லிய அடுக்குகளே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி சாண்டர்ஸ், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஓபலைப் பார்த்தபோது உண்மை இன்னும் தெளிவாயிற்று. உள்ளே இருந்தவை வெறும் அடுக்குகள் அல்ல. ஒரே அளவுள்ள மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள். பழக்கடையில் சாத்துக்குடிகளைக் கோபுரமாக அடுக்குவதுபோல அவை அடுக்கப்பட்டிருந்தன. ஒழுங்கான அமைப்பே நிறத்துக்குக் காரணம் என்று இராமன் சொன்னது நிலைத்தது. எது அடுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னது திருத்தப்பட்டது. ரேலேயை இராமன் திருத்தினார். இராமனைச் சாண்டர்ஸ் திருத்தினார். இப்படித்தான் விஞ்ஞானம் வளர்கிறது. இதில் யாருக்கும் இழிவில்லை.

மூடிய கதவு திறந்த கதை

மேதைகளின் வாழ்வை எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது வழக்கம். பெண்கள் பயிலும் பள்ளியின் மலரில் எழுதும்போது, இராமன் வாழ்வின் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1933இல் பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்னும் இளம்பெண் பெங்களூர்க் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பட்டத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றவர். ஆயினும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக இராமன் இடம் மறுத்தார். தம் சிறு வயதில் பள்ளிக் கதவும், இளம் வயதில் ஆய்வுக்கூடக் கதவும் தமக்குத் திறந்ததை எண்ணிப் பார்த்திருந்தால், அக்கதவை இன்னொருவர் முகத்தில் மூடியிருக்க மாட்டார். கமலா பெங்களூருக்கே நேரில் வந்தார், காரணம் கேட்டார், பின்வாங்கவில்லை. இறுதியில் ஓராண்டு சோதனைக்காலம் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் இராமன் இசைந்தார். அந்த ஓராண்டில் கமலாவின் உழைப்பே விடை சொல்லியது. அதன்பின் மற்றப் பெண்களுக்கும் அங்கே வழி பிறந்தது. திருமணத்துக்குப் பின் கமலா சொஹோனி என்று பெயர் பெற்ற அவர், 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பருப்பு வகைகளிலும் பாலிலும் உள்ள சத்துகளை ஆராய்ந்து ஏழைக் குழந்தைகளின் உணவுக்கு வழிகாட்டினார்.

கமலா திறந்த கதவின் வழியே வந்தவர்களில் ஒருவர் அன்னா மணி. திருவிதாங்கூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத் தோடு தர வீட்டார் முன்வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி அவர். இராமன் பயின்ற அதே சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். தோடாக வேண்டாம் என்ற வைரம் அங்கே ஆராய்ச்சிப் பொருளாக அவர் கைக்கு வந்தது! வைரத்திலிருந்து வரும் மெல்லிய ஒளியைப் படத்தட்டில் பதிக்க ஒரே மூச்சாகப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். எனினும் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, நாடெங்கும் காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். காற்றாலையும் சூரிய மின்சாரமும் இன்று பெருகியிருப்பதற்கு அவர் தொகுத்த அளவுகள் அடித்தளமாயின.

இராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் அதை மாற்றவைத்தவர் கமலாவே என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளிக்குக் கரை கட்டியவர்கள்

இராமன் இயற்கையில் கண்டதை மனிதன் தன் கையால் செய்ய முடியுமா? 1987ஆம் ஆண்டு எலி யாப்லோனோவிச் என்னும் அமெரிக்கரும், இந்திய வம்சாவளியினரான சஜீவ் ஜான் என்பாரும் தனித்தனியே இதற்கு வழி சொன்னார்கள். ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான இடைவெளிகளில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு ஒன்றைச் செய்துவிட்டால், குறிப்பிட்ட நிறமுள்ள ஒளி எந்தத் திசையிலும் அதற்குள் புக முடியாது என்றார்கள். இத்தகைய அமைப்புக்கு ஃபோட்டானிக் படிகம் என்று பெயர். தமிழில் ஒளிப்படிகம் எனலாம்.

செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துப் பாருங்கள். கரை தடுத்து நிற்பதால்தான் மதகு வழியே திறந்துவிடும் நீர் நாம் விரும்பும் கால்வாயில் ஓடுகிறது. ஒளிப்படிகமும் அப்படியே. எல்லாத் திசையிலும் ஒளியைத் தடுக்கும் படிகத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றி அமைத்தால், ஒளி அந்தத் தடத்தின் வழியே மட்டும் ஓடும். தடம் வளைந்தால் ஒளியும் வளையும். ஒரே ஒரு புள்ளியில் மாற்றம் செய்தால் ஒளி அங்கே கூண்டுக்கிளிபோல் சிக்கிக்கொள்ளும்.

முதல் முயற்சிகள் எளிதாக வெற்றி பெறவில்லை. யாப்லோனோவிச் குழுவினர் பல வடிவங்களைச் செய்து பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் 1991இல் வெற்றி தந்தது எது தெரியுமா? துளை போடும் இயந்திரம்! ஒரு கட்டியின் மேற்பரப்பில் ஒழுங்கான புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மூன்று வெவ்வேறு திசைகளில் சாய்வாகத் துளையிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை மிகமிகச் சிறியது. ஆகவே, நீண்ட அலையுள்ள நுண்ணலைகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். எந்தத் திசையிலிருந்தும் குறிப்பிட்ட அலைகள் உள்ளே நுழையவில்லை. அம்பத்தூர்ப் பட்டறைகளில் நம் தந்தையரும் அண்ணன்மாரும் அன்றாடம் செய்யும் துளையிடும் வேலையே உலக விஞ்ஞானத்தில் ஒரு புது வாயிலைத் திறந்தது என்பது பெருமைக்குரிய செய்தியல்லவா?

அதன்பின் 1990களில் ஃபிலிப் ரஸ்ஸல் என்பாரும் அவர் குழுவினரும் இங்கிலாந்தில், நெடுகிலும் நுண்துளைகள் ஓடும் கண்ணாடி இழைகளைச் செய்தார்கள். அவற்றுள் ஒருவகை இழையில் ஒளி கண்ணாடிக்குள் அன்றி, நடுவே உள்ள வெற்றிடத் துளையிலேயே ஓடும். 2003இல் சீன விஞ்ஞானிகள் மயிலிறகைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நுண்ணிய கருங்கோல்கள் அதில் கட்டம் கட்டமாக நட்டுவைத்ததுபோல் நின்றன. கோல்களுக்கு இடையே உள்ள தூரம் சிறிது மாறினால் நீலம் பச்சையாகிறது, பச்சை பொன்னிறமாகிறது. மனிதன் அரும்பாடுபட்டுச் செய்த ஒளிப்படிகத்தை மயில் தன் தோகையில் தொன்றுதொட்டே சுமந்து திரிந்திருக்கிறது!

இராமன் ஒளிப்படிகத்தைச் செய்யவில்லை; அந்தப் பெயரையும் அவர் கேட்டதில்லை. ஆனால் சிப்பியும் இறகும் ஓபலும் ஆராய்ச்சிக்கு உரிய பொருள்கள் என்று, உலகப் புகழின் உச்சியில் நின்றுகொண்டு காட்டியவர் அவர்.

இறுதி நாள்கள்

1948இல் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், பெங்களூரிலேயே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். முதலில் அங்கே மின்சார இணைப்புக்கூட வரவில்லை. கண்ணாடி கொண்டு சூரிய ஒளியை இருட்டறைக்குள் திருப்பி ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். வைரங்கள், கனிகள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள், பறவைகள் என்று தாம் சேர்த்தவற்றை அங்கே ஓர் அருங்காட்சியகமாக அமைத்தார். 1954இல் பாரத ரத்தினா விருது அவருக்கு வழங்கப்பட்டது. பூக்களின் நிறத்தையும் கண் பார்க்கும் விதத்தையும் முதுமையிலும் ஆராய்ந்தார். தோட்டத்து ரோஜாக்களின் நடுவே நடப்பதில் அவருக்கு அளவற்ற விருப்பம்.

1970 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் இராமன் மறைந்தார். அவர் விரும்பியபடியே, அவர் வளர்த்த அந்நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல்லறை எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.

தோழியரே! நோபல் பரிசு நம் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் இராமனின் முதல் கருவி நம் எல்லாரிடமும் இருக்கிறது. அவை நம் இரண்டு கண்கள். இன்றிரவே ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துப் பிடித்து, அதன் வழியே தொலைவில் எரியும் தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கைச் சுற்றிப் பல விளக்குகள் வரிசையாக நிற்கும். அவற்றின் ஓரங்களில் நிறங்கள் தோன்றும். துணியைச் சுழற்றினால் அவையும் சுழலும். நூல்களின் ஒழுங்கான நெசவு ஒளியின் போக்கை மாற்றுவதே இதற்குக் காரணம். ஏன் என்று தங்கையைக் கேளுங்கள், தம்பிக்கு விளக்குங்கள், அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியையிடம் வினவுங்கள்.

கமலாவைப்போலக் கதவைத் தட்ட அஞ்சாதீர்கள். அன்னா மணியைப்போல இரவெல்லாம் காத்திருக்கச் சலிக்காதீர்கள். இராமனைப்போல, கண்ணில் பட்ட சிறு வியப்பையும் காரணம் கேளாமல் கடந்து போகாதீர்கள். நாளை ஒளிக்குப் புதிய வழி அமைக்கும் கைகள் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இன்று எழுதிப் பழகும் நம் தோழி ஒருத்தியின் கைகளாகவும் இருக்கலாம்!